தங்கம் தேடிச் சென்றவர்

பொருள் தேடிக் கடல் கடந்தவர்களின் வரலாற்றைப் பேசும்பொழுது, அவர்கள் எவ்வளவு ஈட்டினார்கள் என்பதையே நாம் முதலில் கேட்கிறோம். எதை இழந்தார்கள், யாருக்காக இழந்தார்கள் என்று கேட்பவர் சிலரே. அவுஸ்திரேலியாவின் தங்க வயல்களுக்குச் சென்ற பீற்றர் லேலர் என்பவரின் வாழ்க்கை இவ்வினாக்களை நம்முன் வைக்கின்றது.

லேலர் 1827ஆம் ஆண்டில் அயர்லாந்தில் பிறந்தார். தந்தையார் பற்றிக் லேலர் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் அங்கத்தவராய் இருந்தவர். தமையனார் ஜேம்ஸ் பின்ரன் லேலர், நிலம் உழுபவர்க்கே உரியது என்று எழுதிச் சிறை சென்று, 1849இல் உயிர்நீத்தவர். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்திலே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட ஐரிஷ் மக்கள் மாண்டனர். அதனினும் பெருந்தொகையினர் நாடு துறந்தனர். பொறியியல் பயின்ற லேலரும், சகோதரர் றிச்சட்டுடன் 1852இல் கப்பலேறினார். றிச்சட் பின்னர் தாயகம் திரும்பித் தந்தையைப் போலவே பாராளுமன்றம் புகுந்தார். பீற்றர் திரும்பவில்லை.

மெல்பேண் நகருக்கும் ஜீலோங்குக்கும் இடையிலான புகையிரதப் பாதை வேலையில் சிலகாலம் ஈடுபட்ட அவர், பின்னர் தங்க வயல்களை நாடினார். 1854இல் பல்லாரட் வந்து சேர்ந்தார். தங்கம் அங்கே மண்ணின்மேல் கொட்டிக் கிடக்கவில்லை. பழைய ஆற்றுப்படுகைகள் நூறு அடிக்கும் கீழே புதைந்து கிடந்தன. சிலர் கூட்டாகச் சேர்ந்து, ஊறும் நீரை இறைத்தும், பக்கங்களுக்கு மரம் அடைத்தும் மாதக்கணக்காகக் குழி தோண்டுவர். அடியை அடைந்தபின் பொன் அகப்படினும் அகப்படும். வெறுங்களியே எஞ்சினும் எஞ்சும்.

ஆனால் அரசாங்கம் கிடைத்த பொன்னுக்கு வரி கேட்கவில்லை. தோண்டும் உரிமைக்கே பணம் கேட்டது. 1851இல் மாதம் 30 ஷில்லிங்காக விதிக்கப்பட்ட அனுமதிக் கட்டணம், 1853இன் இறுதியில் மாதம் ஒரு பவுணாகக் குறைக்கப்பட்ட போதிலும், கிடைத்தவனும் கிடையாதவனும் ஒரே தொகையையே செலுத்தவேண்டியிருந்தது. பொலிசார் திடீரென வந்து குழிக்குள் நிற்பவனை மேலே அழைத்துப் பத்திரத்தைக் காட்டச் சொல்வர்; காட்டாதவன் குற்றவாளியாவான். இத்தனைக்கும் அவனுக்கு வாக்குரிமை கிடையாது. சுரங்கத் தொழிலாளர் சார்பில் பேசச் சட்டசபையில் ஒருவரும் இல்லை.

1854 நவம்பர் இறுதியில் தொழிலாளர் ஒன்றுகூடித் தம் அனுமதிப் பத்திரங்களை எரித்தனர். நீலத் துணியில் வெண்சிலுவையும் விண்மீன்களும் பொறித்த கொடியின்கீழ், ஒருவரையொருவர் கைவிடுவதில்லை எனச் சூளுரைத்தனர். தலைமை தாங்க ஆள் வேண்டியபோது முன்வந்தவர் லேலர். அதுவரை அவர் மேடைப் பேச்சாளரல்லர். ஜீலோங்கிலே அலிசியா டன் என்னும் ஆசிரியை அவரை மணப்பதற்காகக் காத்திருந்தார். ஆபத்தில் நிற்கும் தோழர்களை விட்டோடினால் தான் அவருடைய அன்புக்கே தகுதியற்றவனாவேன் என்ற கருத்தில் லேலர் அவருக்குக் கடிதம் வரைந்தார். எழுதுவது எளிது, அதைப் பெற்று வாசித்த பெண்ணின் நெஞ்சம் எவ்வாறிருந்திருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

டிசெம்பர் 3ஆந் திகதி, ஞாயிறு விடியுமுன்னர், இராணுவமும் பொலிசும் யூரேக்காவில் எழுப்பியிருந்த மர அரணைத் தாக்கின. முதல் நாளிரவு பெரும்பாலோர் தத்தம் கூடாரங்களுக்குச் சென்றிருந்தனர். கால்மணி நேரத்துள் யாவும் முடிந்தது. தொழிலாளர் தரப்பில் 20க்கு மேற்பட்டோர் மாண்டனர். இடது கையிலே குண்டு பாய்ந்து வீழ்ந்த லேலரைத் தோழர்கள் பலகைகளின்கீழ் மறைத்தனர்; பின்னர் கத்தோலிக்க குருவானவரின் இல்லத்தில் அக்கை துண்டிக்கப்பட்டது. அவரைப் பிடித்துத் தருவோர்க்கு 200 பவுண் வெகுமதி என அரசாங்கம் அறிவித்தது. பொன்னுக்காகவே கடல் கடந்து வந்தோர் நிறைந்த நாட்டில், அப்பணத்துக்காக அவரைக் காட்டிக்கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை! இரகசியமாக ஜீலோங் கொண்டுசெல்லப்பட்ட அவரை அலிசியா பேணிக் காத்தார். 1855 யூலையில் இருவரும் மணம் புரிந்தனர்.

அரணில் தோற்றவர்கள் நீதிமன்றில் வென்றனர். இராசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்ட பதின்மூவரில் ஒருவரையேனும் ஜூரிமார் குற்றவாளியாகக் காணவில்லை. மாதக் கட்டணம் ஒழிந்து, ஆண்டுக்கு ஒரு பவுண் பத்திரம் வந்தது. வாக்குரிமையும் அதனோடு வந்தது. அதே ஆண்டில் லேலர் சட்டசபை அங்கத்தவரானார். 1880 முதல் 1887 வரை விக்டோரியாவின் சபாநாயகராய் வீற்றிருந்தார்.

கதையை இவ்விடத்தில் நிறுத்திவிட்டால் இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் உண்மை அதற்கப்பாலும் செல்கின்றது. 1873இல் குளூன்ஸ் என்னும் ஊரிலே தொழிலாளர் சனி பிற்பகல் வேலையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது, அச்சுரங்கக் கம்பனியின் இயக்குநருள் ஒருவர் லேலர். கம்பனி சீனத் தொழிலாளரைக் கொண்டுவந்து அவர்களுடைய இடத்தை நிரப்ப முயன்றது. ஊரார் திரண்டு கல்லெறிந்து சீனரைத் துரத்தினர். அச்சீனரும் வயிற்றுப் பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர்களே. கல்லெறிந்தவர்களும் அவ்வாறு வந்தவர்களே. ஒற்றைக் கையோடு வாழ்ந்த அம்மனிதருக்கு யூரேக்கா நினைவுக்கு வரவில்லையா?

1887இல் அலிசியா காலமானார். 1889இல் லேலர், வைத்தியரான தம் மகனின் இல்லத்தில் உயிர்நீத்தார். அவர் பெயரைத் தாங்கிய பேரன் கப்டன் யோசேப் பீற்றர் லேலர், 1915 ஏப்ரில் 25இல் கலிப்போலியில் போர்முனையில் மடிந்தார். பாட்டனார் எதிர்த்து நின்ற அதே முடியின் படையிலே பேரன் உயிர்விட்டமை காலத்தின் விசித்திரமாகும்.

மாணவர்கள் இவ்வரலாற்றிலிருந்து ஒன்றைக் கொள்ளலாம். ஒரு மனிதன் ஒருநாள் அறத்தின் பக்கம் நின்றான் என்பதனால் என்றும் அங்கேயே நிற்பான் என்பதில்லை. பின்னர் விலகினான் என்பதனால் முன்னர் நின்றது பொய்யாகிவிடுவதுமில்லை. லேலர் பெற்றுத்தந்த உரிமை, அவர் மாறிய பின்பும் மாறாது நின்றது. தலைவர்களுடைய குறைகளை மறைத்துத் துதிப்பதும், குறை கண்டவுடன் நன்மையை மறப்பதும் ஒருங்கே தவறாகும். இரண்டையும் ஒரே தராசில் இட்டு நிறுத்துப் பார்ப்பதே கல்வியின் பயன்.