காப்பு மூடியைக் கழற்றியது யார்?

விரல் போனவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழிப்பதற்குள் மேஸ்திரி கேட்டு வைக்கிற கேள்வி ஒன்று உண்டு: “மிஷின்ல கார்டு இருந்துச்சா?” அக்கறையில் கேட்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள், தோழர்களே. அது பணத்தைப் பற்றிய கேள்வி.

1923-ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டம் வெள்ளைக்காரன் போட்டது. அதன் மூன்றாம் பிரிவில் ஒரு விலக்கு வைத்தான். பாதுகாப்புக்காகக் கொடுக்கப்பட்டது என்று தெரிந்திருந்தும் தொழிலாளி காப்பு மூடியை வேண்டுமென்றே அகற்றினால், அதனால் நேர்ந்த காயத்துக்கு முதலாளி பொறுப்பில்லை என்பது அந்த விலக்கு. வெள்ளைக்காரன் போனான். 2025 நவம்பர் 21 அன்று அந்தச் சட்டமும் போய், சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விலக்கு மட்டும் புதிய வீட்டிலும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

அதிலுள்ள விசித்திரத்தைப் பாருங்கள். சாவுக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் இந்த விலக்கு பொருந்தாது. செத்தால் நட்டஈடு உண்டு. கட்டைவிரல் போனால் கிடையாது! கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் இழப்பு, ஆட்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12 என்று பழைய சட்டம் அட்டவணை போட்டு எழுதியிருந்தது. எழுதி என்ன? மேஸ்திரியின் ஒரு கேள்வியில் அத்தனையும் பூஜ்யமாகிவிடுகிறது.

ஆகவே அந்தக் கேள்விக்கு நாமும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். மூடியைக் கழற்றியது யார்?

ஆனைக்கரை என்ற பெயரில் இந்தப் பக்கம் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று பாலக்காடு மாவட்டம் பட்டாம்பி தாலுகாவில், குற்றிப்புறம் ஸ்டேஷனில் இறங்கிப் பாரதப்புழையைத் தாண்டிப் போகிற ஊர். கேப்டன் லட்சுமியின் தாய்வீட்டுத் தறவாடு இருக்கும் ஊர் என்றால் பழைய தோழர்களுக்குச் சட்டென்று புரியும். மற்றது இடுக்கியில், குமுளியிலிருந்து வண்டன்மேடு போகிற வழியில், ஏலமலைமேல் இருக்கிறது. ரயில் பார்க்காத மாவட்டம். முதல் ஊர்ப் பக்கம் நம் ஆட்கள் வீடு கட்டுகிறார்கள். டைல்ஸ், கிரானைட், கம்பி, பலகை எல்லாவற்றையும் அறுப்பது கையில் பிடிக்கிற கட்டிங் மிஷின்தான். இரண்டாவது ஊர்ப் பக்கம், கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறுகிற நம் பெண்கள் ஏலக்காய் எடுக்கிறார்கள்; ஆண்கள் தோளில் காடு வெட்டும் மிஷினைத் தொங்கவிட்டுக் களை வெட்டுகிறார்கள். மலையும் வேறு, வேலையும் வேறு. ஆனால் இரண்டு ஊரிலும் மிஷினின் காப்பு மூடி ஷெட்டின் மூலையில்தான் கிடக்கிறது. இரண்டு ஊரிலும் தொழிலாளிகள் மட்டும் ஒன்றுபோலக் கவனமற்றவர்களாகப் பிறந்துவிட்டார்களா?

முதலில் கட்டிங் மிஷினை எடுத்துக்கொள்வோம். 1954-ல் ஜெர்மனியில் பிறந்த இந்த மிஷின் இன்று நம் ஊர்ப் பட்டறைகளில் ஏஜி-4 என்ற பெயரில் கிடக்கிறது. நாலு அங்குலத் தகடு நிமிஷத்துக்குச் சுமார் 11,000 தடவை சுற்றும். ரயில்வேயில் கணக்கு எழுதுகிற பழக்கத்தில் நாம் பெருக்கிப் பார்த்தோம். தகட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. இந்த நாட்டில் எந்தப் பயணி ரயிலும் அந்த வேகத்தில் ஓடுவதில்லை. அதை ஒருவன் முகத்துக்கு ஒன்றரை அடி தள்ளி, சாரத்தின்மேல் ஒரு காலில் நின்றுகொண்டு பிடித்திருக்கிறான்.

அவன் ஏன் மூடியைக் கழற்றுகிறான் என்று மிஷின் கம்பெனிக்காரன் அவனிடம் வந்து கேட்டதுண்டா? நாம் கேட்டோம். ஒரு கொத்தனார் சொன்னார்: “அண்ணே, கார்டோட போட்டா சுவரு மூலையில தகடு போகாது. கோடும் தெரியாது. கோடு தெரியாம வெட்டி கல்லு வீணாப்போனா யாரு கூலியில பிடிப்பாங்க?” இன்னொருவர் சொன்னது இன்னும் நேரானது. மூடியைத் திருப்பி வைக்க ஸ்க்ரூ டிரைவர் தேட வேண்டும், ஒரு நாளில் அதை முப்பது தடவை செய்ய வேண்டும். சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குகிறவனுக்கு அந்த நேரத்தை யார் தருவார்கள்?

இதோடு முடியவில்லை. மிஷினோடு பெட்டியில் வருகிற மூடி பெரும்பாலும் தேய்ப்பு வேலைக்கு உரியது. ஒரு பக்கம் திறந்திருக்கும். அறுப்பு வேலைக்கு இரு பக்கமும் மூடிய வேறு மூடி வேண்டும். பல மிஷின்களுக்கு அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். மரம் அறுக்கும் பல் வைத்த தகட்டை இந்த மிஷினில் மாட்டவே கூடாது, மாட்டினால் எகிறி ஆளை அடிக்கும் என்று கம்பெனிகளின் கையேட்டிலேயே அச்சடித்திருக்கிறது, பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆனால் அந்தத் தகடு எந்த ஹார்டுவேர் கடையிலும் இந்த மிஷினின் பக்கத்திலேயே கொக்கியில் தொங்குகிறது. துளை அளவும் கச்சிதமாகப் பொருந்துகிறது! பெரிய மிஷின் வாங்க மனமில்லாத காண்டிராக்டர் சின்ன மிஷினில் ஏழு அங்குலத் தகட்டை மாட்டச் சொல்கிறார். அந்த அளவுக் கல் தகட்டுக்கு நிமிஷத்துக்கு 8,500 சுற்றுதான் எல்லை. மிஷினோ 11,000 சுற்றும். தகட்டை உள்ளே விட முதலில் மூடியைக் கழற்றத்தான் வேண்டும். இங்கே கழற்றிய கை யாருடையது? கூலிக்காரன் கையா, மிஷினுக்குக் காசு கொடுத்தவன் கையா?

ஏலமலைக் கதை கொஞ்சம் வேறு. காடு வெட்டும் மிஷினில் கொடிப்புல் சுற்றிக்கொண்டு மூடிக்கும் தகட்டுக்கும் நடுவே அடைக்கும். அடைத்தால் எஞ்சின் திணறும். ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, குனிந்து, பிடுங்க வேண்டும். மூடியில்லாவிட்டால் அடைப்பதில்லை. அதனால் கழற்றுகிறார்கள். தகட்டின் முன்விளிம்பு கல்லிலோ மரத்தூரிலோ பட்டால் மிஷின் பக்கவாட்டில் வீசி எறியும். முழங்காலுக்குக் கீழே பிளந்துபோகிறது. பதினைந்து மீட்டருக்குள் வேறு ஆள் நிற்கக்கூடாது என்று இந்த மிஷினின் கையேடுகள் சொல்கின்றன. ஏலத்தோட்டத்தில் பதினைந்து மீட்டரா? இரண்டு செடிக்கு அப்பால் நம் பெண்கள் குத்தவைத்துக் காய் எடுத்துக்கொண்டிருப்பார்கள். தெறிக்கிற கல் அவர்கள் முகத்துக்குத்தான் போகும். தரையோடு படர்ந்த பூச்சரம் ஒன்று தகட்டில் அறுபட்டால் கணக்கப்பிள்ளை போடுகிற சத்தம் அடுத்த மலைக்குக் கேட்கும்.

வேலை செய்யவிடாத மூடி காப்பு மூடி அல்ல, தோழர்களே. கழற்றப்படுவதற்கென்றே செய்யப்பட்ட மூடி அது. கழற்றியதும் அது கம்பெனிக்குக் காப்பாகிறது, முதலாளிக்குக் காப்பாகிறது. தொழிலாளியைத் தவிர எல்லோருக்கும் காப்பு!

இந்த நாட்டிலேயே இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. பசுமைப் புரட்சி என்று கொண்டாடிய காலத்தில் பஞ்சாப், அரியானா பக்கம் கதிரடிக்கும் மிஷின் வந்தது. கூலிக்காரர்களின் கையும் கதிரோடு உள்ளே போயிற்று. அப்போதும் இதே பாட்டுத்தான்: குடித்திருந்தான், தூங்கிவிட்டான், கவனமில்லை. டெல்லி ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த தினேஷ் மோகன் போன்றவர்கள் இதை மிஷினின் அமைப்பில் உள்ள குறை என்று பார்த்து ஆராய்ந்தார்கள். கதிரைத் தள்ளுகிற வாய் குட்டையாக, திறந்து கிடந்ததுதான் கோளாறு. இந்தியத் தர நிர்ணயத்தில் அந்த வாய் குறைந்தது 90 சென்டிமீட்டர் நீளம், அதில் 45 சென்டிமீட்டர் மூடியிருக்க வேண்டும் என்று எழுதினார்கள். மனிதனின் கை எவ்வளவு தூரம் எட்டும் என்று அளந்து, அதற்கு எட்டாதபடி செய்தார்கள். அவ்வளவுதான் விஷயம். இதில் ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றுமில்லை. 1983-ல் நாடாளுமன்றம் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்றே ஒன்றை இயற்றி, செய்கிறவன்மீதும் விற்கிறவன்மீதும் கடமையைச் சுமத்தியது. கிராமப்புறத்தில் ஓடும் வேறு மிஷின்களையும் அறிவிப்பு போட்டுச் சேர்க்கலாம் என்று அதில் இடமும் வைத்தது.

மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்துக்கும் இதுதான் நடந்தது. எகிறி வந்து கழுத்தை அறுத்துக்கொண்டிருந்த ரம்பத்துக்கு 1970-களின் தொடக்கத்தில் ஸ்வீடன், ஜெர்மனிக் கம்பெனிகள் சங்கிலி பிரேக் வைத்தன. ரம்பம் எகிறினால் முன்கைத் தடுப்பு தள்ளப்பட்டுச் சங்கிலி நின்றுவிடும். மரவெட்டிகள் திடீரென்று ஒழுக்கசீலர்களாக மாறிவிடவில்லை, மிஷின்தான் மாறியது.

ரயில்வேக்காரர்களான நமக்கு இது புதிதும் அல்ல. இன்டர்லாக் என்ற ஏற்பாடு நமக்குச் சோறு மாதிரி. கேட் மூடிப் பூட்டினால்தான் சிக்னல் இறங்கும். கேட் திறந்திருக்கையில் லீவரை எத்தனை பேர் சேர்ந்து இழுத்தாலும் அசையாது. கேட்மேனின் கண் அசந்தாலும் இரும்பு அசராது. இன்டர்லாக் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2025 ஜூலை 8 அன்று கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் நாடே பார்த்தது. பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். கேட்கீப்பர் கைதானார். அதோடு விட்டுவிடவில்லை, இன்னும் அதிகமான கேட்டுகளுக்கு இன்டர்லாக் போட வேண்டும் என்று ரயில்வே அமைச்சர் உத்தரவிட்டார். பிள்ளைகள் செத்த பிறகுதான் என்பது வேறு விஷயம். ஆனாலும், ஆளைத் திட்டுவதால் கேட் மூடிக்கொள்ளாது என்பதாவது டெல்லிக்கு எட்டியது.

அந்த இன்டர்லாக்கைத்தான் கையில் பிடிக்கிற மிஷினுக்கும் கேட்கிறோம். மூடி உட்கார்ந்தால்தான் மோட்டார் ஓட வேண்டும். மூடியைத் திருப்ப ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படக் கூடாது. கையுறை போட்ட விரலால் திருப்ப முடிய வேண்டும். மரத்தச்சர்களின் கை வட்ட ரம்பத்தில் ஸ்பிரிங் மூடி இருக்கிறது. மரத்தில் அழுத்தினால் விலகும், தூக்கினால் தானே மூடிக்கொள்ளும். அந்த மூளை ஏஜி-4-க்கு மட்டும் ஏன் வேலை செய்யவில்லை? கையை எடுத்தால் நிற்கிற சுவிட்ச் வைத்த மிஷின்கள் சந்தையில் இருக்கின்றன, விலை கூடிய வரிசையில். மலிவான மிஷினைப் போட்டுவிட்டால் தரையில் பாம்பு மாதிரி துள்ளிக்கொண்டே ஓடும். பெரிய தகடு நுழையவே முடியாதபடி மூடியை உடம்போடு வார்த்துவிட்டால் காண்டிராக்டரின் சாமர்த்தியமும் முடிந்தது. காடு வெட்டும் மிஷினுக்குக் கொடிப்புல் சிக்காத மூடி வேண்டும். அதை ஏலமலையில் ஒரு மாதம் களை வெட்டிப் பார்த்துவிட்டு வரைய வேண்டும்.

விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும். இன்று அந்த விலையை நம் விரல் கொடுத்துக்கொண்டிருக்கிறது, அது யார் கணக்கிலும் வரவு வைக்கப்படவில்லை. எது வைத்தாலும் இவர்கள் கழற்றிவிடுவார்கள் என்பது இன்னொரு வாதம். வேலைக்கு இடைஞ்சல் இல்லாத பொருளைக் கழற்ற எவனுக்கும் நேரமில்லை. மிஷினின் கைப்பிடியைக் கழற்றி எறிந்தவன் உண்டா?

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, ஓட்டையோடு இருக்கிறது. வேலையிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் எட்டாம் பிரிவு, மிஷினை வடிவமைப்பவர், செய்பவர், இறக்குமதி செய்பவர், விற்பவர் எல்லோருக்கும் பொறுப்பு உண்டு என்கிறது. ஆனால் ‘முறையாகப் பயன்படுத்தும்போது’ பாதுகாப்பாக இருந்தால் போதுமாம். அந்த இரண்டு சொல்லுக்குள் ஒரு கம்பெனியே ஒளிந்துகொள்ளலாம். அதுவும் பத்துப் பேர் வேலை செய்கிற இடத்துக்குத்தான் பொதுவில் இந்தச் சட்டம். மின்சாரத்தில் ஓடும் தொழிற்சாலை என்று கணக்கில் வர முன்பு பத்துப் பேர் போதும், இப்போது இருபது பேர் வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் 1979-ல் ஐந்து பேரிலிருந்து பொருந்தியது. இன்று அதுவும் பத்து. நான்கு பேர் டைல்ஸ் ஒட்டுகிற வீட்டில் நம் தோழன் யார் கண்ணுக்கும் தெரியாதவன். தொழிற்சங்கத் தலைவர்களும் போனஸ் பேச்சுவார்த்தையில் மிஷின் மூடியைப் பற்றி வாய் திறப்பதில்லை. விரல் போன பிறகு மாலையோடு வந்து நிற்பதில் குறைவில்லை.

இதற்கிடையில் நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மூடி ‘கொடுக்கப்பட்டிருந்தால்’தான் அந்த விலக்கு. மூடியில்லாத பழைய மிஷினைக் கையில் திணித்தார்கள் என்றால் விலக்கு நிற்காது. மேஸ்திரி சொல்லிக் கழற்றியிருந்தால் அது ‘வேண்டுமென்றே’ ஆகாது என்று வாதாட இடமுண்டு. ஆகவே, வேலைக்குச் சேர்கிற அன்றே மிஷினைக் கைபேசியில் படம் எடுத்துவையுங்கள். காயம்பட்டவர் ஆஸ்பத்திரியில் எந்தத் தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்குமுன் சங்கத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.

பாலக்காட்டிலேயே 2015 முதல் ஒரு ஐ.ஐ.டி. இருக்கிறது. டெல்லி ஐ.ஐ.டி. கதிரடிக்கும் மிஷினுக்குச் செய்ததை, பாலக்காடு ஐ.ஐ.டி. நம் மிஷினுக்குச் செய்யக் கூடாதா? கேட்கத்தான் போகிறோம், வெறுங்கையோடு அல்ல. கழற்றிப்போட்ட மூடிகள் ஷெட்டில், சாக்கில், ஜீப்பின் சீட்டுக்கடியில் எங்கே கிடந்தாலும் எடுத்து வாருங்கள். எந்த வேலை, எந்த அளவுத் தகடு, எதற்காகக் கழற்றினீர்கள், கழற்றச் சொன்னது யார் என்று ஒரு சீட்டில் எழுதிக் கம்பியால் கட்டுங்கள். எழுதத் தெரியாதவர் சொன்னால் நாம் எழுதிக்கொள்கிறோம். பெயர் வேண்டாம். இரண்டு ஆனைக்கரையிலிருந்தும் வருகிற அத்தனை மூடிகளையும் சாக்கில் கட்டி, ஒன்றை ஐ.ஐ.டி. வாசலிலும் ஒன்றை மாவட்டத் தொழிலாளர் அதிகாரியின் மேசையிலும் இறக்குவோம்.