மலிவான அச்சம்

பேய்ப் படங்களிலும் பேய்ச் சித்திரக்கதைகளிலும் மனம் பற்றியோரைக் கற்றோர் அவையில் மதிப்பார் இலர். அப்படம் சொற்பப் பணத்தில் எடுக்கப்பட்டதாயின் நகைப்பு இரட்டிக்கும். எமக்கு இவ்விரண்டிலும் தீராத பற்றுண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. வேறு நல்ல படங்கள் இல்லையோ என நண்பர் வினவுவர். உண்டு, அவற்றையும் பார்க்கிறோம். ஆயினும், விடுதி அறையில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு சிறு திரையின்முன் நால்வர் நெருங்கி அமர்ந்திருக்கும் இரவின் சுவை அவற்றில் வாய்ப்பதில்லை.

பணமின்மையே இத்துறையில் நல்லாசிரியன் என்பது எம் கட்சி. 1942இல் வெளிவந்த 'கேட் பீப்பிள்' என்னும் படத்தை நோக்குக. ஆர்.கே.ஓ. கம்பெனியார் வால் லூட்டன் என்பவரிடம் படத்தின் பெயரை மட்டும் கொடுத்து, சிறு தொகைக்குள் எடுத்துத் தருமாறு பணித்தனர். சிறுத்தையாக மாறுவேனோ என அஞ்சும் பெண்ணொருத்தியின் கதை அஃது. லூட்டனும் டைரக்டர் ஜாக் தூர்னரும் விலங்கைப் பெரும்பாலும் நிழலிலேயே மறைத்துவிட்டனர். இரவில் ஒருத்தி தனியே நடக்கிறாள். பின்னே மற்றொருத்தியின் காலணி ஓசை. அவ்வோசை திடீரென நின்றுவிடுகிறது. முன்னவள் விரைகிறாள். சீறிக்கொண்டு பாய்ந்து வருவது ஒரு பஸ் வண்டி! அடுத்து வருவது இன்னதென அறிந்திருந்தும் அவ்விடத்தில் யாம் துள்ளாத நாளில்லை.

1962இல் வந்த 'கார்னிவல் ஆப் சோல்ஸ்' இன்னும் எளிய பிறப்பினது. கான்சாஸ் நாட்டுப்புறத்தில் தொழிற்சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் படம் எடுத்துவந்த ஹெர்க் ஹார்வி, பெரிய உப்பேரியின் அருகே பாழடைந்து கிடந்த சால்ட்டேர் கேளிக்கை மாளிகையைக் கண்டார். அதன்மேல் ஒரு கதையை எழுப்பி, ஏறத்தாழ 33,000 டாலரில் முடித்தார். நடிகருக்குக் கொடுக்கப் பணமில்லையோ என்னவோ, வெளிறிய முகத்துப் பேயுருவாகத் தாமே தோன்றினார். அவர் துரத்தும் பெண் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். அப்படத்தைப் பார்த்த ஞாயிறன்று எம் செவி ஆர்கன் ஓசையைச் சற்று ஐயத்துடனேயே கேட்டது.

இவ்வகைப் படங்கள் யாவும் இத்தகையன என்று சொல்லோம். ரப்பர் முகமூடியும், பொம்மை வௌவாலைத் தாங்கும் கயிறும் தெரியும் படங்களே மிகுதி. அவற்றைப் பார்த்து நகைத்தபடியே இறுதிவரை அமர்ந்திருப்போம்.

படத்தைப் பழிப்போர் சிரிப்பதோடு நின்றனர். சித்திரக்கதைகளுக்கோ தீயே வைத்தனர். 1948இல் நியூயார்க் மாகாணத்துப் பிங்காம்டன் நகரில் பள்ளி மாணாக்கரே கதைப் புத்தகங்களைக் குவித்து எரித்தனர். 1950 முதல் ஈ.சி. கம்பெனியின் வில்லியம் கெய்ன்ஸ் 'டேல்ஸ் ப்ரம் தி கிரிப்ட்' முதலிய மூன்று இதழ்களைப் பத்துச் சென்ட் விலைக்கு வெளியிட்டார். அவற்றில் பொருளாசையால் கொலை செய்தவனைத் தேடிப் பிணமே எழுந்து வரும். தீயோன் தப்புவது அரிது. ஆயினும் 1954இல் ப்ரெடரிக் வெர்த்தாம் என்னும் மனநோய் மருத்துவர், இவை சிறாரைக் கெடுப்பன என நூல் எழுதினார். அமெரிக்கச் செனட் குழு விசாரித்தது. அவ்வாண்டே பதிப்பாளர் தமக்குள் ஒரு விதித்தொகுப்பு வகுத்து, நடமாடும் பிணங்களையும் இரத்தம் குடிக்கும் பேய்களையும் விலக்கினர். கெய்ன்ஸின் மூன்று இதழ்களும் நின்றன.

வெர்த்தாம் தீயவர் அல்லர். ஹார்லெமில் ஏழைகளுக்கென மருத்துவசாலை நடத்தியவர். ஆனால் 2012இல் கேரல் டில்லி என்னும் ஆய்வாளர் அவருடைய குறிப்பேடுகளை ஒப்புநோக்கி, சிறுவர் கூறியவற்றை அவர் மாற்றியும் திரித்தும் நூலில் பயன்படுத்தினார் என்று காட்டினார். எம்மைப் போன்ற வாசகர் சொன்னது அன்று அவைக்கு எட்டாமலே போயிற்று. இதை எண்ணுந்தோறும் எமக்குப் பேய்களிடத்து இல்லாத சினம் எழுகின்றது.

அவ்விதழ்கள் பின்னாளில் தொகுதிகளாக மறுபதிப்புப் பெற்றன. ஒரு தொகுதியேனும் நம் கலாசாலை நூலகத்திற்கு வாங்குமாறு விண்ணப்பித்துள்ளோம். இம்மலர் அச்சேறும் வரை விடை வரவில்லை.