"சும்மா கேஸ்தான் சார்" என்று இனி என்னிடம் சொல்லாதீர்கள்



போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பழைய மாணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இலை போடும் முன்பே சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துப் போட்டுக்கொண்டார். "என்னப்பா மாத்திரை?" என்றேன். "சும்மா கேஸ்தான் சார், ஆறு வருசமா போடறேன்" என்றார். எழுதிக் கொடுத்தது யார் என்றால், மெடிக்கல் ஷாப்காரராம். எதிர் வரிசையில் இரண்டு பேர், "நாங்களும் அதேதான்" என்றார்கள். ஏதோ பெருமை போல!

முப்பது வருடம் அறிவியல் நடத்தியவன் சொல்கிறேன், கேளுங்கள். அடிக்கடி வரும் நெஞ்செரிச்சலும் புளித்த எதுக்களிப்பும் காற்றால் வருவதல்ல. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. அது தளர்ந்தால் இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மேலே ஏறும். அதைத் தாங்க இரைப்பைக்குச் சளிப்படலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வருடக்கணக்கில் அமிலம் பட்டால் புண்ணாகும், தழும்பேறிச் சுருங்கும், சிலருக்கு அரிதாகப் புற்றுநோய் வரை போகும்.

நாம் என்ன செய்கிறோம்? சோடா குடிக்கிறோம். அமிலத்தோடு சோடா உப்பு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேனே! அந்த ஏப்பம் வந்ததும் "கேஸ் போயிடுச்சு" என்கிறீர்கள். அந்தக் காற்றைக் கொடுத்ததே சோடாதான்.

இவ்வளவு பேசும் நான் என்ன கிழித்தேன்? என் அண்ணன் "சோறு நெஞ்சுலயே நிக்குதுடா" என்றபோது இஞ்சிச் சாறு குடிக்கச் சொன்னேன். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்து இறக்கினார். ஆள் இளைத்தார். "வயசாயிடுச்சு" என்றோம். ஏழு மாதம் கழித்து எண்டோஸ்கோப்பி செய்த டாக்டர், "ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இன்று அண்ணனும் இல்லை.

அதனால் இதை மனப்பாடம் செய்யுங்கள். விழுங்கச் சிரமம், விழுங்கும்போது வலி, காரணமில்லாமல் எடை குறைவது, ஓயாத வாந்தி, ரத்தசோகை: இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். ரத்த வாந்தியோ, தார் போலக் கறுத்த மலமோ என்றால் அன்றே ஆஸ்பத்திரி. நெஞ்சை அழுத்தி, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் சோடா தேடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் பெரிய வலி இல்லாமலும் அது வரும்.

"டாக்டரிடம் போனால் காசைப் பிடுங்குவார்கள்" என்பீர்கள். அரசு மருத்துவமனை எதற்கு இருக்கிறது? வாட்ஸப்பில் வரும் சீரகத் தண்ணீர் வைத்தியத்துக்கு இருக்கிற மரியாதை, படித்த டாக்டருக்கு இல்லையா?

மாத்திரையை நான் திட்டவில்லை. டாக்டர் சொல்லிச் சாப்பிடுபவர்கள் என் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். கேட்காமலே வருடக்கணக்கில் போடுவதைத்தான் கேட்கிறேன். எரிச்சல் அடங்கும், உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியாமலே போகும்.

இன்று இரவு வீட்டுப் பெரியவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சாப்பாடு சிரமமில்லாம இறங்குதா?" நான் என் அண்ணனிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது.