ஐம்பது உருபா மானம்!

தமிழகத்து மாநகர்மன்றங்கள் கூடும் நாள்களில் நடப்பதை ஊன்றி நோக்குவார்க்கு ஒன்று தெற்றென விளங்கும். குடிநீர்க் குழாய் பற்றிப் பேசுவர்; குப்பை பற்றிப் பேசுவர்; தெருவிளக்கும் சாக்கடையும் பற்றிக் குரல்கள் உயரும்; வரவு செலவுத் திட்டத்தின்மேல் வாய்ப்போர் நிகழும். இவை யாவும் வேண்டுவனவே. ஆயின், எவரேனும் ஓர் உறுப்பினர் எழுந்து, "கடைத்தெருவில் தமிழைக் காணோமே, பெயர்ப்பலகை விதி என்னாயிற்று?" என்று வினவுவாராயின், அவையில் ஒரு புன்முறுவல் பரவும். "மக்கள் நீரின்றிக் குடத்தோடு நிற்கையில், பலகையில் எம்மொழி இருந்தால் என்ன?" என்று பக்கத்திலிருப்பவர் கேட்பார். அத்தோடு அச்செய்தி முடிந்துபோம்.

இக்கேள்விக்கு விடை கூறாது நாம் மேற்செல்லுதல் ஆகாது. ஏனெனின், நம்மவருள்ளும் பலர் இதனை நயமான கேள்வி என்று கருதி வாளாவிருக்கின்றனர்.

நீரும் விளக்கும் ஒரு பணி, மொழி வேறொரு பணி என்று பிரிப்பதே முதற்கண் பிழையாம். மாநகராட்சி செய்யும் பணி எதுவாயினும், அது மக்களுக்குச் சொல்லப்பட்டாக வேண்டும். எந்நாள் நீர் வாராது, எவ்வளவு வரி, எந்நாளுக்குள் கட்டல் வேண்டும், எங்குச் சென்று முறையிடுவது என்பனவெல்லாம் எழுத்தால் அறிவிக்கப்படுவன. அவ்வெழுத்துப் புரியாதவனுக்கு அப்பணி இல்லாததே போன்றது. யான் வாழும் ஊரில், அதன் பெயர் ஈண்டு வேண்டா, கூலிவேலை செய்து பிழைக்கும் மூதாட்டியொருவர் தம் வீட்டுவரி பற்றிய தாளொன்றைக் கொணர்ந்து, "ஐயா, இதில் என்ன போட்டிருக்கிறார்கள்?" என்று என்னிடம் நீட்டினார். தலைப்பு மட்டும் தமிழ். உள்ளே, நிலுவை கட்டாவிடில் குடிநீர் இணைப்புத் துண்டிக்கப்படும் என்ற குறிப்பு ஆங்கிலம். குறித்த நாள் கழிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. அவர் தமிழ் படிக்கத் தெரிந்தவர். நாள்தோறும் செய்தித்தாளை எழுத்துக்கூட்டிப் படிப்பவர். அவருக்கு நீர் நின்றது அவர் வறுமையாலன்று, மொழியால். "நீர் முதலில், மொழி பிறகு" என்பார் அம்மூதாட்டிக்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்?

கடைப்பலகையும் இத்தகையதே. பலகை கடைக்காரனின் அணிகலனன்று, வாங்குவானுக்கு வழிகாட்டி. இதனை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரைக் கடைத்தெருக்களைச் சுற்றிக் காண்கின்றான். ஆங்குப் பொற்கடைத் தெருவில், நால்வகைப் பொன்னும் இன்னின்ன இடத்தில் கிடைக்கும் என்று வாங்க வருவார் மயங்காமல் அறியும்பொருட்டு, வணிகர் கொடி எடுத்திருந்தனர் என்று இளங்கோவடிகள் பாடுகின்றார். வருவார் மயங்காமைப் பொருட்டு என்பதை நினைவிற் கொள்க. இன்றைய கடைத்தெருவிலோ, வாங்க வருவான் மயங்கவேண்டும் என்பதற்காகவே பலகை எழுதப்படுகின்றதோ என ஐயுறுமாறு உள்ளது.

"துணி விற்பதற்கும் நகை விற்பதற்கும் தமிழில் எடுப்பான சொல் இல்லையே" என்று வணிகர் சிலர் குறைப்படுகின்றனர். கழகக் காலத்து மதுரையில் அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றொரு புலவர் இருந்தார். அறுவை என்பது துணி. மணிமேகலை பாடிய சாத்தனார் கூலவாணிகர். கூலம் என்பது தவச வகை. உறையூரில் இளம்பொன் வாணிகனார் என்றொருவர் இருந்தார். கடையும் நடத்தினர், பாட்டும் பாடினர், தம் தொழிற்பெயரைத் தமிழிலேயே பெயர்முன் சூட்டியும் கொண்டனர். அவர்தம் வழித்தோன்றல்களுக்கா சொற்பஞ்சம்?

இனி, சட்டம் என்ன சொல்லுகின்றது என்று காண்போம். கடைகள், நிறுவனங்கள் பற்றிய சட்டம் 1947-இலும், அதற்குரிய விதிகள் 1948-இலும் வந்தவை. அவ்விதிகளின் 15-ஆம் விதியே பெயர்ப்பலகை பற்றியது. பலகையில் தமிழ் இடம்பெறல் வேண்டும் என்னும் ஆணை 1977-இல் பிறந்தது. தமிழ் முதலிலும், ஆங்கிலம் அடுத்தும், பிற மொழி அதன் பின்னுமாக 5 : 3 : 2 என்னும் அளவில் எழுதுதல் வேண்டும் என்பது நெறி. ஏறத்தாழ அரை நூற்றாண்டாக இந்நெறி தாளில் உறங்குகின்றது.

இதனை மீறுவானுக்கு நெடுங்காலம் விதிக்கப்பட்ட தண்டம் எவ்வளவு தெரியுமா? 50 உருபா! பலகையில் ஓரெழுத்துக்கு விளக்குப் பொருத்தும் கூலியைவிடக் குறைவு. தமிழனின் மொழிமானத்துக்கு அரசு இட்ட விலை அது. கோடிக்கணக்கில் விற்று வரும் கடைக்காரன் அதனை வாடகைக் கணக்கிலேயே சேர்த்துவிடுவான். அண்மை ஆண்டுகளில்தான் அது 2000 உருபாவாக உயர்ந்தது. உயர்ந்தும் என்ன? தண்டத்தின் அளவு மட்டுமன்று இங்குக் குறை. விதியைக் காக்கவேண்டியது தொழிலாளர் துறை. கடைக்குத் தொழில் உரிமம் தருவதும் வரி வாங்குவதும் மாநகராட்சி. விதி ஒருவர் கையில். பிடி மற்றொருவர் கையில். தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு எடைகள், கூலி, பணிநேரம் என நூறு வேலை, பலகை நூற்றோராவது. மாநகராட்சியோ, "அஃது எம் துறையன்று" என்று கைகழுவும். இரு வீட்டுக்கும் விருந்தாளி இரவெல்லாம் பட்டினி என்பது போல, நடுவில் நிற்பவள் தமிழ்த்தாய்.

மாநகராட்சியால் இயலாததன்று இது. 2010-இல், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெறுமுன், சென்னை மாநகராட்சி வணிகர்க்குக் கெடுநாள் குறித்து முடுக்கிற்று. பலகைகள் சில மாறின. மாநாடு முடிந்தது; முடுக்கமும் முடிந்தது. விருந்துக்கு வெள்ளையடித்த வீடு போலாயிற்று.

மும்பையைப் பாருங்கள். மகாராட்டிர அரசு 2022-இல் சட்டத்தைத் திருத்திச் சிறு கடைகளுக்கும் மராத்திப் பலகையைக் கட்டாயமாக்கியது. பிறமொழி எழுத்தினும் மராத்தி எழுத்துச் சிறிதாதல் கூடாது என்றும் விதித்தது. வணிகர் வழக்காடினர். பம்பாய் உயர் நயன்மன்றம் அவ்வழக்கைத் தள்ளி, வழக்கிட்டோர் மேல் 25,000 உருபாச் செலவும் சுமத்தியது. உச்ச நயன்மன்றம் சென்றனர். அங்கு 2023 செப்டம்பரில் கிடைத்தது இரண்டு திங்கள் தவணை மட்டுமே. இதற்குப் பின்னரும் அடங்காத கடைகளுக்கு மும்பை மாநகராட்சி என்ன செய்தது? 2024 மே முதல் நாள் தொட்டுச் சொத்துவரி இரட்டிப்பு என்று அறிவித்தது! ஐம்பது உருபாவுக்கு அஞ்சாதவன் வரி இரட்டிப்புக்கு அஞ்சுவான். மொழிப்பற்றை மேடையில் முழங்கிவிட்டுப் போகாமல் வரிக்கணக்கில் ஏற்றினர் பாருங்கள், ஈண்டுத்தான் அவர்கள் நம்மினும் உயர்ந்து நிற்கின்றனர். பெங்களூர் மாநகராட்சியும் பலகையில் 60 விழுக்காடு கன்னடம் வேண்டும் என்று 2024 பிப்பிரவரி இறுதியைக் கெடுநாளாக்கியது.

தமிழ்நாட்டில் 2022-இல் சொத்துவரி உயர்த்தப்பட்டபோது, எத்தனை விரைவாய் அளவைகள் வகுக்கப்பட்டன! எத்தனை சதுர அடி, எந்தப் பகுதி, எத்தனை விழுக்காடு என்று ஒரு மயிரிழை பிசகாது கணக்கிட்டனர். அக்கணக்கில் தமிழுக்கென்று ஒரு நிரல் சேர்ப்பதா அரிது? தொழில் உரிமத்தைப் புதுப்பிக்க வருவான் தன் பலகையின் ஒளிப்படத்தையும் இணைத்துத் தருக என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அலுவலர் தெருத்தெருவாய் அலைய வேண்டியதில்லை. கடைக்காரனே தேடி வருவான்.

இங்கு ஓர் ஐயத்தைத் தீர்த்தல் வேண்டும். பிறமொழியை அழிக்கச் சொல்லுகின்றோம் என்று நம்மேல் பழி சுமத்துவார் உளர். அன்று. மகாராட்டிரத்துப் பாதூர் நகர்மன்றக் கட்டடத்தில் மராத்தியோடு உருதும் எழுதப்பட்டிருந்ததை எதிர்த்து வழக்கொன்று நிகழ்ந்தது. அவ்வூரில் உருது பேசுவார் பலர். 1956 முதலே அம்மொழி அம்மன்றத்தின் வழக்கில் இருந்து வந்தது. மராத்தி இருக்க, உடன் உருதும் இருப்பதற்குத் தடையில்லை என்று உச்ச நயன்மன்றம் 2025 ஏப்பிரலில் முடிவு கூறியது. நாம் மாறுபடவில்லை. நம் விதியே ஆங்கிலத்துக்கு மூன்று பங்கும், பிறமொழிக்கு இரு பங்கும் தருகின்றது. தம் தெருவில் வாழும் மக்களின் மொழியை உடன் எழுதுவது அறமே. வீட்டுக்காரியைத் திண்ணையில் தள்ளிவிட்டு விருந்தினள் கட்டிலேறுவதைத்தான் நாம் கடிகின்றோம்.

இனி, நம் விதியிலேயே உள்ள ஓட்டையைக் கூறாமல் விடலாகாது. விதி எழுத்தை அளக்கின்றது, சொல்லை அளப்பதில்லை. இதனால் விளைந்த கேடு பெரிது. 'டெக்ஸ்டைல்ஸ்' என்றும், 'ஜுவல்லர்ஸ்' என்றும், 'மெடிக்கல்ஸ்' என்றும், 'பேக்கரி' என்றும் தமிழெழுத்தில் பெரிதாக எழுதி, "ஐந்து பங்கு தமிழ் வைத்துவிட்டோம்" என்று வணிகர் மார்தட்டுகின்றனர். ஆய்வாளரும் அடிக்கோலால் அளந்து, நன்றென்று போகின்றார். இது பசுத்தோல் போர்த்த புலியன்றி வேறென்ன? ஆங்கில எழுத்தில் நின்ற ஆங்கிலச் சொல்லாவது அயலானென்று அடையாளம் தெரிந்தது. தமிழெழுத்தை உடுத்து வந்த பின்னரோ, நம் பிள்ளைகள் 'மெடிக்கல்ஸ்' என்பதே தமிழ் என்று எண்ணத் தலைப்படுகின்றனர். எட்டாம் வகுப்பில் 'மருந்துக்கடை' என்னும் சொல்லைச் சொன்னபோது, "அது நாட்டுமருந்து விற்பதுதானே, ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டான். அவனை எவ்வாறு நோவது? தெருதான் அவனுக்குப் பாடநூல்.

துணிக்கடை, நகைக்கடை, மருந்துக்கடை, அடுமனை, அங்காடி, உணவகம், தேநீர்க்கடை, முடிதிருத்தகம் எனச் சொற்கள் நம் கையில் ஆயத்தமாக உள்ளன. கடைக்காரர் தம் பெயரையோ குழுமப் பெயரையோ மாற்றவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தொழிலைச் சுட்டும் சொல் தமிழாகுக என்றுதான் கேட்கின்றோம். பாவேந்தர் பாரதிதாசன் நாடு விடுதலை பெறுமுன்பே தம் 'தமிழியக்கம்' நூலில் வணிகரிடம் கேட்டதும் இதுவே.

"வழக்குக்கு வாராது" என்பாரும் வரலாறு அறிக. ஒரு காலத்தில் கூட்டத்துக்கு 'அக்கிராசனர்' தலைமை தாங்கினார். கழகத்துக்குக் 'காரியதரிசி' இருந்தார். தேர்தலில் 'அபேட்சகர்' நின்றார். 'ஸ்ரீமான்'கள் அழைப்பிதழ் அச்சிட்டனர். தலைவர், செயலாளர், வேட்பாளர், திரு என்று நம்மவர் எழுதத் தொடங்கியபோது நகையாடினர். இன்று அபேட்சகர் என்றால் யாருக்குத் தெரியும்? முனிசிபாலிடி நகராட்சியாயிற்று, 1996-இல் மெட்ராசு ஆங்கிலத்திலும் சென்னையாயிற்று. சொல் பழகினால் வழங்கும், எழுதினால்தானே பழகும்?

மன்றத்தார்க்கு ஒரு சொல். சென்னை மாநகராட்சி ஆங்கில வேந்தனின் பட்டயத்தால் 1688-இல் பிறந்தது. பிறப்பு அப்படியிருக்கலாம், வளர்ப்பும் அப்படியே இருக்கவேண்டுமா? 'சீர்மிகு நகரம்' என்னும் அழகிய தமிழ்ப்பெயர் அரசுத் தாளிலேயே இருக்க, உறுப்பினர் வாயில் 'ஸ்மார்ட் சிட்டி'யே உருள்கின்றது. ஒப்பந்தப்புள்ளி 'டெண்டர்' ஆகின்றது. வட்டம் 'வார்டு' ஆகின்றது. ஆட்சிமொழிச் சட்டம் வந்தது 1956-இல். அலுவலக உள்சுவரில் தொங்கும் அறிவிப்பு ஆங்கிலமாயிருக்க, தெருக்கடைக்காரனைத் தண்டிக்கப் புறப்பட்டால், அவன் திருப்பிக் கேட்க மாட்டானா?

ஆதலின் அன்பர்களே, வரவு செலவுத் திட்டக் கூட்டத்துக்கு முன்னதாகவே உங்கள் வட்டத்து உறுப்பினரைக் கண்டு முறையீடு கொடுங்கள். பெயர்ப்பலகை விதியைத் தொழில் உரிமத்தோடு பிணைக்கவும், மும்பையைப் போல வரியோடு இணைக்கவும், தொழிற்சொல் தமிழாதல் வேண்டும் என்று விதியைத் திருத்துமாறு அரசுக்குப் பரிந்துரைக்கவும் மன்றத்தில் முடிவு கொணருமாறு கேளுங்கள். வரித்தாளும் குடிநீர் அறிவிப்பும் முற்றிலும் தமிழில் வருதல் வேண்டும் என்பதை அதில் முதலாவதாக எழுதுங்கள். உங்கள் தெருவில் தமிழில்லாப் பலகைகளைக் கடை எண்ணோடு பட்டியலிட்டு இணையுங்கள். முறையீட்டைக் கொடுத்த கையோடு, பெற்றுக்கொண்டமைக்கு ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அச்சீட்டு ஆங்கிலத்தில் இருந்தால், திருப்பிக் கொடுத்துத் தமிழில் கேளுங்கள்.