பல்புக்குக் காவல் வேண்டும்!

பல்லடம், உடுமலை வட்டாரம் கறிக்கோழி வளர்ப்புக்குப் பெயர் போனது. பொரித்த குஞ்சுகளுக்கு முதல் வாரம் சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதற்காகப் பல்பு போட்டு விட்டு, "காலையில பாத்துக்கலாம்" என்று வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு.

கீழே காய்ந்த தேங்காய் நார்க்கழிவு. மேலே ஒயரில் தொங்கும் பல்பு. அறுந்து விழுந்தால் என்ன ஆகும்?

"பியூஸ் போயிருமுங்க" என்பார்கள். இணைப்பு லூசாகிச் சூடேறும்போது கரண்டு அளவு அதிகமாவதில்லை. பியூஸ் போகாது, தீதான் பிடிக்கும்! பியூசில் தடிக்கம்பி கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

பல்பைச் சங்கிலியில் தொங்கவிட வேண்டும். எலி கடித்த ஒயரை உடனே மாற்ற வேண்டும். ராத்திரி ஒரு ஆள் பண்ணையிலேயே படுக்க வேண்டும்.

ஒரு ஆள் கூலி பெரிதா, கொட்டகை நிறையக் குஞ்சு பெரிதா?