ஊறுகாய் ஃப்யூஷன்

ஹங்கேரிக்காரர்கள் தங்கள் நாட்டுப்பாடலையும் ஜாஸையும் கலந்து வாசிப்பதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அவர்கள் மேல் இல்லை, நம்ம ஊர் ஃப்யூஷன் பார்ட்டிகள் மேல்.

நம்ம ஆட்களின் ஃபார்முலா தெரிந்ததுதானே. டிரம் செட், பேஸ் கிடார், சாக்ஸபோன். நடுவில் இரண்டு நிமிஷம் பறை, அப்புறம் பலத்த கைதட்டல். பறை அடித்தவர் பேர் என்ன? போஸ்டரில் 'நாட்டுப்புறக் கலைஞர்கள்' என்று போட்டிருக்கும், அவ்வளவுதான். பந்தி இலையில் ஊறுகாய்க்கு உள்ள இடம் இது. ஊறுகாய்க்காவது மாவடு, நார்த்தங்காய் என்று பேர் உண்டு.

ஹங்கேரியில் கதை வேறு. 1906 வாக்கில் பேலா பார்டோக்கும் கோடாயும் எடிசன் ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். மெழுகு உருளையில் பாட்டைப் பதிந்து, எந்த ஊர், யார் பாடியது என்று குறித்தார்கள். அங்கேதான் ஒரு விஷயம் உறைத்தது. புடாபெஸ்ட் ஹோட்டல்களில் 'நாட்டுப்பாடல்' என்று வாசிக்கப்பட்டதும், லிஸ்ட் தன் ராப்ஸடிகளில் எடுத்துக்கொண்டதும் பெரும்பாலும் நகரத்துச் சரக்கு. குடியானவன் பாட்டு வேறு. 1938-ல் ஜாஸ் கிளாரினெட் ராஜா பென்னி குட்மேனுக்காக பார்டோக் 'கான்ட்ராஸ்ட்ஸ்' எழுதியபோது இந்தப் படிப்பெல்லாம் கூடவே இருந்தது. 1972-ல் புடாபெஸ்டில் நடன வீட்டு இயக்கம் தொடங்கியது. திரான்சில்வேனியாவின் சேக் கிராமத்துப் பாட்டும் ஆட்டமும்தான் அதற்குப் பாடம். 2002-ல் மிஹாய் ட்ரெஷ் ஆர்ச்சி ஷெப்போடு சேர்ந்து 'ஹங்கேரியன் பீபாப்' வெளியிட்டார். அவர் சாக்ஸபோன் கிராமத்து ஃபிடில் மாதிரி குழைகிறது. முதலில் படிப்பு, அப்புறம்தான் கலப்பு.

(அவர்களும் உத்தமர்கள் இல்லை. 1956-ல் ஹங்கேரியை விட்டுப் போன கிடாரிஸ்ட் காபோர் சாபோ, அமெரிக்காவில் 'ஜாஸ் ராகா' என்று ஒரு தட்டு போட்டார். அதில் சிதாரும் அவரே. அங்கே ஊறுகாய் நாம்தான் :-) )

நம் ஃப்யூஷன்காரர்கள் 'ஃபோக்' என்று நம்பி எடுப்பது பெரும்பாலும் சினிமாக் குத்து. அதுதான் நம்ம ஹோட்டல் பேண்ட். ஒப்பாரியைப் பாருங்கள். அதன் நடையைத் தாளம் தீர்மானிப்பதில்லை. அழுகிறவளின் மூச்சும் சொல்லும் தீர்மானிக்கின்றன. பார்டோக் பழைய பாட்டுகளில் கண்டு தனி வகையாகக் குறித்ததும் இதே மாதிரியான பேச்சு நடைதான். அதன் அடியில் டிரம் செட்டை ஓட்டினால் ஒப்பாரி செத்துவிடும். செத்ததற்கு அழக்கூட ஆள் இருக்காது.

இப்போது எங்கள் பக்கம் வருவோம். கல்வராயன் மலை பேப்பரில் வருகிறது என்றால் அது சாராய ஊறல் அழிப்புச் செய்திதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு கேட்கவே வேண்டாம். அங்கே மலையாளிப் பழங்குடிகள் இருக்கிறார்கள் (கேரளாவா என்று கேட்காதீர்கள், பேசுவது தமிழ்), அவர்களுக்கென்று பாட்டு இருக்கிறது என்பது யாருக்கும் செய்தி இல்லை. நாளைக்கே ஒரு பேண்ட் அதில் நாலு வரியை எடுத்து, எழுதியவர் என்ற இடத்தில் 'மரபுப் பாடல்' என்று போட்டுக் காசு பார்க்கலாம். கேட்க நாதி இல்லை.

"அப்போ பழங்குடிப் பாட்டைத் தொடவே கூடாதா?" என்று ஒரு கோஷ்டி வரும். நான் அந்தக் கட்சி இல்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்தாலும் பாட்டு சாகும். முறையாகக் கலந்தவர்கள் நம்மிடமும் உண்டு. ஜான் மெக்லாக்லின் 'சக்தி'க்கு முன்னால் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். விநாயக்ராமின் கடம் அதில் ஊறுகாயாக இல்லை, சோறாகவே இருந்தது. ஆனால் அது கர்நாடக சங்கீதம், மரியாதை தானாகக் கிடைக்கும். கானாவுக்கு அந்த மரியாதையை வாங்கித்தர 2018-ல் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' வரவேண்டியிருந்தது. அங்கே கானா பாடுகிறவர் மேடையின் முன்னால், கிடார் அவருக்குப் பின்னால்.

மலைப்பாட்டுக்கும் அதுதான் வேண்டும். பாடியவர் பேர் முதலில் வரட்டும், வருமானத்தில் பங்கு போகட்டும். சாமை வயல் பாட்டா, சாவு வீட்டுப் பாட்டா என்று தெரியாமல் யாரும் அதற்குக் கார்டு போடவேண்டாம். கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறுங்க. கிடாரை வீட்டிலேயே வச்சிட்டு வாங்க.