விளக்கு ஊருக்கு, இருள் உழவனுக்கா?

மின்னாற்றலின்றி இற்றை வாழ்வில்லை. ஆலை சுழல்வதும், கிணற்று நீர் வயலேறுவதும், மாணவன் இரவில் ஏடு பயில்வதும் மின்னால்தான். எனவே, உயரழுத்த மின்தடங்கள் வேண்டாவென எவரும் கூறார். அவை எவன் நிலத்தின்மேற் செல்கின்றன, அவனுக்கு ஈடென்ன என்பதே வினா!

சத்தீசுகரின் இராய்கரிலிருந்து கொங்குநாட்டுப் புகளூர்வரை, எட்டு இலக்கம் வோல்ட்டு அழுத்தத்தில், 6,000 மெகாவாட்டு கடத்தவல்ல நேர்மின்னோட்டத் தடத்தை நடுவணரசின் நிறுவனம் அமைத்தது. அதற்கும் பிற தடங்களுக்குமாகக் கொங்கு வயல்களிற் கோபுரங்கள் ஊன்றப்பட்டன. சாலையோரம் புதைவடமாகக் கொண்டுசெல்க என்று வேண்டி, 2018 திசம்பரில் உழவர் உண்ணாநோன்பிருந்தனர்.

அப் புகளூரிலிருந்து திருச்சூர் செல்லும் 2,000 மெகாவாட்டுத் தடம் 2021இல் தொடங்கிவைக்கப்பட்டது. அது கேரளத்து வடக்கஞ்சேரிவரை வானிற் செல்கின்றது. அதற்கப்பால் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் மண்ணுக்கடியிற் செல்கின்றது. அண்டை நாட்டார் பெற்றதில் தமிழர்க்கு அழுக்காறில்லை. ஆயினும், புதைவடம் இயலவே இயலாது என்னும் கூற்றுக்கு அதுவே மறுப்பு. அழுத்தம் மிக மிகச் செலவும் மிகும் என்பது மெய்யே. அச் செலவை மிச்சப்படுத்தி, இழப்பை உழவன் தலையில் ஏற்றுவது எவ்வகை அறம்?

2003ஆம் ஆண்டு மின்சட்டம், 1885இல் வெள்ளையர் செய்த தந்திச் சட்டத்தின் ஆணையுரிமையை மின்தட நிறுவனங்களுக்கு வழங்கியது. தந்திக்கம்பம் நட எழுந்த சட்டம் வானளாவிய கோபுரத்திற்கும் அரணாயிற்று! நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை, பட்டா உழவன் பெயரிலேயே இருக்கும். ஆனால், கம்பியின்கீழ்த் தென்னை வளர்க்கவியலாது; வீடு கட்டவியலாது; நிலத்தின் விலையும் வீழும். 2015இல் நடுவணரசு கோபுர அடிநிலத்திற்கு மதிப்பில் 85 விழுக்காடு ஈடென வரையறுத்தது. 2024இல்தான் அடிநிலத்திற்கு இருமடங்கும், கம்பி செல்லும் ஊடுவழிக்கு 30 விழுக்காடும் என உயர்த்தியது. உழவன் கைக்கு அது வந்து சேராதவரை ஏட்டுச் சுரைக்காயே!

செட்டிநாட்டுக் கீழச்சிவல்பட்டியார் இதனைக் கொங்கர் துயரென்று ஒதுக்கலாகாது. தெற்கே கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட்டுக் கதிரவன் மின்நிலையம் இயங்குகின்றது. இத்தகைய நிலையங்கள் பெருகப் பெருக, அவற்றின் மின்னைச் சுமக்கும் கம்பிகளும் பெருகும். கண்மாயையும் வானத்தையும் நம்பி வாழும் புன்செய்க்காரன், கோபுரம் எழுந்தபின் விழிப்பதிற் பயனில்லை.

ஆகவே, தடம் வரையுமுன் ஊராரைக் கேட்டல் வேண்டும். இயலுமிடமெல்லாம் சாலையோரப் புதைவடம் இடல் வேண்டும். நிறுவனம் நடுவணரசினதே ஆயினும், உழவனுக்கு வரும் அறிவிப்பும் ஈட்டுக் கணக்கும் நல்ல தமிழில் இருத்தல் வேண்டும். தனக்கு விளங்காத மொழியில் ஒப்பமிடுபவன் தன் உரிமையைத் தானே இழக்கின்றான். மண்ணும் மொழியும் தமிழனுக்கு ஒருங்கே காக்கத்தக்கன!